யார் வைத்த பெயர்?

(மொழிபெயர்ப்பாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்குப் பெயர் வைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்று எண்ணி வந்த இருவரை வாசலிலேயே சந்தித்தேன். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களை நாம் அழைக்கும் ஒற்றைச் சொல்லைப் பற்றி. குழந்தைக்குப் பெயர் வைக்கிற சங்கதியும் நடுவில் வரும். அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் சிறுவர்களுக்கான ஒரு பயண நூலைத் தமிழாக்கினேன். கனடாவின் வடகோடியில் ஒரு குடும்பத்தோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர் எழுதியது. அதில் 'எஸ்கிமோ' என்ற சொல் பதின்மூன்று இடங்களில் வந்தது. பதின்மூன்று இடத்திலும் அப்படியே போட்டேன். ஓரிடத்திலும் பேனா தயங்கவில்லை. தயங்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்திலேயே நமக்குப் பழகிய சொல். பனிக்கட்டி வீடு, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, ரோமத் தொப்பிக்குள் சிரிக்கும் ஒரு வட்ட முகம், படத்துக்குக் கீழே அந்தப் பெயர்.

டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகளுக்கு ஒரு படி அனுப்பிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தாள். "நல்லா வந்திருக்கு மாமா. ஆனா அந்த வார்த்தையை மட்டும் எடுத்திருக்கலாம். இங்க யாரும் இப்ப அதைச் சொல்றதில்ல" என்றாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "பச்சை மாமிசம் திங்கிறவன்னு அர்த்தமாம். திட்டினது அப்படியே பேராயிருச்சாம்."

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு வேடிக்கை புலப்பட்டது. என் மருமகள் சொன்ன முடிவு சரி. சொன்ன காரணம் பெரும்பாலும் தப்பு. தப்பான காரணத்திலிருந்து சரியான முடிவு எப்படி வந்தது? இந்த முடிச்சைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து அவிழ்க்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் ஊர். 'எஸ்கிமோ' அந்த மக்களின் மொழிச் சொல்லே இல்லை. அவர்களுக்குத் தெற்கே, கிழக்குக் கனடாவின் காடுகளில் வாழ்ந்த அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தார் தங்கள் அண்டை வீட்டாரைக் குறிக்க வைத்திருந்த சொல் அது. அவர்களிடமிருந்து ஐரோப்பிய மாலுமிகளும் வணிகர்களும் பாதிரிமார்களும் வாங்கிக்கொண்டார்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் டேனிஷிலும் அது குடியேறியது. ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயரை, வழிப்போக்கர் கேட்டு, உலகத்துக்கே சொல்லிவிட்ட கதை.

பச்சை மாமிசம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? கிரீ, ஓஜிப்வே ஆகிய மொழிகளில் பச்சையாக உண்பதைக் குறிக்கும் சொற்களின் ஒலி இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஒலி ஒத்தால் போதும் என்று பழைய அகராதிக்காரர்கள் எழுதிவைத்தார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில் அது உறுதிப்பட்ட உண்மைபோல் ஆகிவிட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மொழியியலாளர் ஐவ்ஸ் கொடார்ட் இதை ஏற்கவில்லை. லாப்ரடார் தீபகற்பத்தின் இன்னு மக்களுடைய மொழியில் இதன் வேர் இருக்கிறது, அதன் பொருள் பனிக்காலணிக்கு வலை பின்னுபவர் என்பது அவர் முடிவு. மரச்சட்டத்தை வளைத்து, நடுவில் தோல்வாரால் பின்னி, பனியில் கால் புதையாமல் நடக்கக் கட்டிக்கொள்வார்களே, அந்தப் பின்னல் வேலை. கியூபெக்கைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜோசே மையோ, இன்னு மொழியைப் பேசத் தெரிந்தவர், 1978இல் வேறொரு விளக்கம் எழுதினார்: வேற்று மண்ணின் மொழியைப் பேசுபவர் என்று. இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் கொடார்ட் பக்கம் சாய்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பச்சை மாமிசம் பந்தியில் இல்லை.

"அப்புறம் என்ன? சொல்லில் வசவு இல்லையென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாமே!" என்று இங்கே யாராவது மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மருமகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அவள் சொன்னது தவறு என்று நிரூபிக்கக்கூடப் பார்த்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. வேர்ச்சொல் ஆராய்ச்சி அகராதிக்கு வேண்டியது. ஒரு சொல் நூறு இருநூறு ஆண்டுகள் எந்தப் பொருளில் எறியப்பட்டது, எந்தப் பொருளில் காதில் விழுந்தது என்பது வேறு கணக்கு. எறிந்தவனும் பச்சை மாமிசம் என்று நினைத்துத்தான் எறிந்தான். வாங்கிக்கொண்டவனும் அப்படித்தான் கேட்டான். கொடார்டின் கட்டுரை வருவதற்கு முன்பே காயம் ஆகிவிட்டது.

பச்சை மாமிசம் உண்பதில் என்ன இழிவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். துருவப் பகுதியில் எலுமிச்சை விளையாது. கீரை கிடையாது. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய புண்கள் மறுபடி திறந்து மனிதன் செத்துப்போவான். நீண்ட கடற்பயணம் போன ஐரோப்பிய மாலுமிகள் அந்த நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். திமிங்கிலத்தின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும், கடல்நாயின் ஈரலும் அந்த வைட்டமினைக் கொடுக்கின்றன. சமைத்தால் அது பெருமளவு அழிந்துபோகும். பச்சையாக உண்டவர்கள் அறிந்தோ அறியாமலோ மருந்தையே உண்டார்கள். காட்டுமிராண்டித்தனம் என்று எழுதப்பட்டது அந்த இடத்தின் வைத்தியம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கதை இருக்கிறது.

1845ஆம் ஆண்டு மே மாதம் சர் ஜான் பிராங்ளின் தலைமையில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று எரிபஸ், மற்றொன்று டெரர். ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைக் கண்டுபிடிப்பது நோக்கம். பனிக்கடலுக்குள் நுழைந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854இல் ஜான் ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஹட்சன் விரிகுடாக் கம்பெனியில் வேலை பார்த்தவர், வடக்கே இனுயிட் மக்களை, அதாவது நாம் 'எஸ்கிமோ' என்று சொல்லிவந்தவர்களை, சந்தித்து விசாரித்தார். வெள்ளையர் கூட்டமொன்று பட்டினியால் செத்துக் கிடந்ததையும், கடைசி நாட்களில் அவர்கள் இறந்தவர்களின் உடலை உண்டதற்கான அடையாளங்கள் பாத்திரங்களில் இருந்ததையும் அவர்கள் சொன்னார்கள். கப்பலைச் சேர்ந்த பொருட்களையும் காட்டினார்கள். ரே அதை அப்படியே லண்டனுக்கு அறிக்கையாக அனுப்பினார்.

லண்டன் கொதித்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம்முடைய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் அந்த ஆண்டு டிசம்பரில் எழுதினார். ஏழைகளுக்காகக் கண்ணீர் வடிக்கவைத்த அதே டிக்கன்ஸ்தான். இந்தக் காட்டுமிராண்டிகளின் வாக்குமூலத்தை நம்ப முடியாது, ஆங்கில மாலுமி ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டான், இவர்களே அவர்களைக் கொன்றிருக்கலாம் என்பது அவர் வாதம். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ரேவுக்குச் சேர வேண்டிய மதிப்பும் கிடைக்காமல் போனது.

ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, கிங் வில்லியம் தீவில் கிடைத்த அந்த மாலுமிகளின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். கத்தி வெட்டுகள் இருந்தன. 2014இல் எரிபஸ் கப்பல் கடலடியில் கிடைத்தது. இனுயிட் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியிலேயே கிடைத்தது. 2016இல் டெரர் கப்பலும் கிடைத்தது. பனியிலிருந்து ஒரு பாய்மரக் கம்பம் நீட்டிக்கொண்டிருந்ததைத் தாம் பார்த்ததாக ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர் கொடுத்த துப்பு அதற்கு வழிகாட்டியது. அது கிடந்த விரிகுடாவுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே வரைபடத்தில் டெரர் விரிகுடா என்றுதான் பெயர். தேடுகிறவர்களுக்கு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை போலிருக்கிறது!

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன்? ஒரு பெயர் வெறும் ஒலி என்று சொல்பவர்களுக்காக. 'எஸ்கிமோ' என்ற சொல்லுக்குள் பச்சை மாமிசம், காட்டுமிராண்டி என்கிற படம் ஏற்கெனவே குந்தியிருந்ததால்தான், அந்த மக்களின் சாட்சியத்தை டிக்கன்ஸால் சுலபமாகத் தள்ளுபடி செய்ய முடிந்தது. சாட்சியின் பெயரே சாட்சியைக் கெடுத்துவிட்டது.

சரி, அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்? கனடாவில் அவர்கள் பேசும் மொழியில் 'இனுக்' என்றால் ஒரு மனிதர். 'இனூக்' என்று நடுவில் நீட்டினால் இரண்டு மனிதர். 'இனுயிட்' என்றால் பல மனிதர். சமஸ்கிருதத்தைப் போல ஒருமை, இருமை, பன்மை மூன்றும் உண்டு. தமிழில் இருமை இல்லை. ஆனால் நமக்கு வேறொரு வம்பு இருக்கிறது. 'இனுயிட்' என்பதே பன்மை என்பது தெரியாமல் 'இனுயிட்கள்', 'இனுயிட்டுகள்' என்று எழுதுகிறோம். மக்கள்கள் என்று எழுதுவது மாதிரி. இனுயிட் மக்கள், இனுயிட் பெண்கள் என்றால் போதும். ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் இனுக்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சிலர் 'இன்னுயிட்' என்று எழுதுகிறார்கள். 'இன்னு' என்பது வேறு மக்கள். மேலே சொன்ன, பனிக்காலணி பின்னுபவர் என்ற சொல்லுக்கு உரிமையாளர்களான அதே அல்கோன்கியன் மக்கள். அவர்களை பிரெஞ்சுக்காரர்கள் மலைவாசிகள் என்ற பொருளில் 'மோந்தானியே' என்று அழைத்தார்கள். அதுவும் ஊரார் வைத்த பெயர்தான். அவர்கள் மொழியில் 'இன்னு' என்றாலும் மனிதர் என்றே பொருள். இரண்டு அண்டை வீட்டார், இரண்டு வெவ்வேறு மொழிக் குடும்பங்கள், இரண்டு பேரும் தங்களை மனிதர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நாம் ஒரு 'ன்' கூடுதலாகப் போட்டால் ஆளே மாறிப்போகும்.

ஆளே மாறுவதைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. கனடாவின் நூனவுட் பிரதேசத்தின் தலைநகர் இகாலுயிட். மீன் நிறைந்த இடம் என்று பொருள். 1987 வரை அதற்கு பிராபிஷர் பே என்று ஓர் ஆங்கிலேயக் கடலோடியின் பெயர்தான். 2009இல் கனடாப் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட ஒரு செய்திக்குறிப்பில், ஆங்கிலப் பழக்கத்தின்படி 'க்யூ' எழுத்துக்குப் பின்னால் ஒரு 'யு'வைச் சேர்த்து ஊர்ப்பெயரை எழுதிவிட்டார்கள். அந்த மொழியில் அதற்குப் பின்புறத்தைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் என்று பொருளாம். ஊரே சிரித்தது. மொழிபெயர்ப்பாளர்களே, எழுத்துக்கூட்டலில் அலட்சியம் காட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனுயிட் மக்களை அப்பாவிகளாக மட்டும் காட்டுவதும் ஒருவகை அவமரியாதைதான். அவர்களும் பிறருக்குப் பெயர் வைத்தவர்கள்தான். தெற்கே இருந்த வேறு பூர்வகுடியினருக்கு அவர்கள் வைத்த பெயரைப் பேன்முட்டை என்ற சொல்லோடு சேர்த்து விளக்குவார்கள். வெள்ளையருக்கு வைத்த பெயர் 'கலூனாட்'. அதைப் புருவத்தோடு சம்பந்தப்படுத்திச் சொல்வதுண்டு. 'கலூனாட்! வெள்ளைக்காரர்கள் ஏன் வேடிக்கையானவர்கள்' என்று ஒரு படமே 2006இல் வந்தது. மானிடவியலாளர்கள் தங்களை ஆராய்ந்ததுபோலவே வெள்ளையரை ஆராய்ந்து காட்டும் கேலிப்படம். சிரிக்கிறோம். ஏனென்றால் அந்தப் பெயரால் எந்த வெள்ளைக்காரரும் நிலமோ வேலையோ இழக்கவில்லை. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கேலி பேசுவது உலக வழக்கம். ஒரு வீட்டின் கேலியை அரசாங்கம் எடுத்து முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றும்போது அது வேறாகிவிடுகிறது.

முத்திரை என்று அலங்காரமாகச் சொல்லவில்லை. உண்மையான முத்திரை. 1940களின் தொடக்கத்தில் கனடா அரசு ஒவ்வோர் இனுயிட் ஆளுக்கும் ஒரு வட்டத் தகட்டைக் கொடுத்தது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. அழுத்திய நாராலோ தோலாலோ ஆனது. ஒரு பக்கம் மகுடமும் அதைச் சுற்றி 'எஸ்கிமோ அடையாளம், கனடா' என்ற வாசகமும். மறுபக்கம் ஓர் எண். கிழக்குப் பகுதியென்றால் 'ஈ', மேற்கென்றால் 'டபிள்யூ', பிறகு வட்டார எண், பிறகு ஆளின் எண். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அல்லது உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். 1970களின் தொடக்கம் வரை அரசுப் பதிவேட்டில் அந்த எண்தான் ஆள்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? எழுத்தர்களுக்கு அவர்கள் பெயர் பிடிபடவில்லை. குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயர். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் இல்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்துக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்ற எந்தத் தமிழருக்கும் இது புரியும். இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரால் நம்மை வெளிநாட்டில் கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நாம் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லையா?

இப்போது வாசலில் சந்தித்த இருவருக்கும் வாக்களித்த பகுதி. இனுயிட் மரபில் பிறக்கும் குழந்தைக்கு அண்மையில் இறந்த ஒருவரின் பெயரை வைப்பார்கள். பெயரைக் கொடுத்தால் அந்த ஆளின் ஏதோ ஒரு பகுதி குழந்தைக்குள் வந்துவிடுகிறது. அதனால் உறவுமுறையும் பெயரோடு வரும். தன் தாயின் பெயரை மகளுக்கு வைத்தவள் அந்தச் சிறுமியை அம்மா என்றே கூப்பிடுவாள். பாட்டியின் பெயரைத் தாங்கிய பையனுக்குப் பாட்டிக்குரிய மரியாதை கிடைக்கும். இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். என் அண்ணனுக்குத் தாத்தாவின் பெயர். பாட்டி ஒருநாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பெரியவரே, சாப்பிட வாங்க' என்பாள். அவனுக்கு அப்போது நாலு வயது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே! பெயரைத் தாங்குபவன். பனிநாட்டுக் கிழவி ஒருத்திக்கும் என் பாட்டிக்கும் பேசிக்கொள்ள மொழி இருந்திருந்தால், இந்த ஒரு விஷயத்தில் ஒரு முழுப் பகலும் பேசியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட பெயர்களின் மேல்தான் அந்தத் தகட்டை ஒட்டினார்கள். தாயின் பெயரைத் தாங்கியவள் 'ஈ5-770' ஆனாள். இந்த எண்ணை நான் கற்பனை செய்யவில்லை. லூசி இட்லவுட் என்ற இனுயிட் பாடகி தம் இசைத்தொகுப்புக்கு வைத்த பெயரே 'ஈ5-770, என் அம்மாவின் பெயர்'.

அந்த எண்களை ஒழிக்கவந்தவரும் அவர்களுள் ஒருவர்தான். ஏப் ஓக்பிக் என்பவர், வடமேற்குப் பிரதேச மன்றத்தில் இடம்பெற்ற முதல் இனுக். 1968 முதல் 1971 வரை, குடும்பப் பெயர்த் திட்டம் என்ற பொறுப்பை ஏற்று ஊர் ஊராகப் போனார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, நீங்கள் எந்தப் பெயரால் அறியப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். குடும்பப் பெயர் என்பதே அவர்கள் மரபில் இல்லாத ஒன்று, அதைத் திணித்ததும் அரசாங்கத்தின் வசதிக்குத்தான் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முப்பதாண்டு எண்ணுக்குப் பிறகு ஒருவர் வந்து கேட்டார். அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

அதன் பிறகு காற்று மாறியது. 1971இல் கனடாவின் இனுயிட் மக்கள் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். 1977இல் அலாஸ்காவின் பாரோ நகரில், எபன் ஹாப்சன் என்ற தலைவரின் முயற்சியால், அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து மூன்று இடத்தாரும் கூடினார்கள். அங்கே பிறந்த அமைப்புதான் இன்றைய இனுயிட் துருவவட்டப் பேரவை. தங்கள் எல்லோருக்கும் பொதுப்பெயராக இனுயிட் என்பதை அது ஏற்றது. 1982ஆம் ஆண்டின் கனடா அரசியலமைப்புச் சட்டம் 35ஆம் பிரிவில் இனுயிட் என்றே எழுதியது. 1999 ஏப்ரல் 1 அன்று நூனவுட் தனிப் பிரதேசமானது. எங்கள் நிலம் என்று பொருள். ஹாப்சன் கூட்டம் நடத்திய பாரோ நகரமே 2016இல் வாக்கெடுப்பு நடத்தித் தன் பழைய பெயரான உட்கியாக்விக் என்பதற்குத் திரும்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுலபம். 'எஸ்கிமோ' என்பதை அடித்துவிட்டு 'இனுயிட்' என்று போட்டால் வேலை முடிந்தது. கணினியில் ஒரு நொடி. அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தேன்.

அலாஸ்காவுக்குப் போனால் 'இனுயிட்' பொருந்தாத மக்கள் இருக்கிறார்கள். தென்மேற்கு அலாஸ்காவிலும், ரஷ்யாவின் சுகோட்கா முனையிலும் வாழ்பவர்கள் யூப்பிக் மக்கள். அவர்கள் மொழியில் 'இனுயிட்' என்ற சொல்லே கிடையாது. மனிதருக்கு 'யுக்' என்பார்கள், உண்மையான மனிதர் 'யூப்பிக்'. அலாஸ்காவின் வடக்கில் இருப்பவர்கள் இன்யூப்பியாட். அதற்கும் அதே பொருள். கிரீன்லாந்தின் மேற்கில் கலாலிட், கனடாவின் வடமேற்கு மூலையில் இனுவியாலுயிட். 'எஸ்கிமோ' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வசதி இருந்தது: யூப்பிக்கையும் இன்யூப்பியாட்டையும் சேர்த்துச் சொல்ல அலாஸ்காக்காரர்களுக்கு வேறு சொல் இருக்கவில்லை. அதனால் அங்கே முதியவர்கள் பலர் இன்றும் தங்களை அந்தப் பெயராலேயே சொல்லிக்கொள்வார்கள். திமிங்கில வேட்டையைக் கவனித்துக்கொள்ளும் அவர்களுடைய சொந்த ஆணையத்தின் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. 1961 முதல் பேர்பேங்க்ஸ் நகரில் நடந்துவரும் அவர்களுடைய விளையாட்டுப் போட்டியின் பெயர் உலக எஸ்கிமோ–இந்திய ஒலிம்பிக்ஸ்.

யூப்பிக் கிழவர் ஒருவர் தம்மை எஸ்கிமோ என்று சொல்லும்போது, டொராண்டோவில் படித்துவிட்டுவந்த ஒருவர், "ஐயா, அப்படிச் சொல்லாதீர்கள், உங்கள் பெயர் இனுயிட்" என்று திருத்தினால் என்ன ஆகும்? பழைய தவறை மறுபடி செய்கிறோம். அன்று தெற்கத்தி அண்டை வீட்டார் பெயர் வைத்தார்கள். இன்று கிழக்கத்தி உறவினரின் பெயரை எடுத்து ஒட்டுகிறோம். இரண்டு தடவையும் அவரைக் கேட்கவில்லை.

சட்டமும் வணிகமும் மெதுவாகத்தான் பின்னால் வந்தன. 2016 மே மாதம் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டங்கள் சிலவற்றில் இருந்த 'நீக்ரோ', 'எஸ்கிமோ' போன்ற சொற்களை எடுத்துவிட்டு அலாஸ்கா பூர்வகுடியினர் முதலான பெயர்களைப் போட்டது. 1920களிலிருந்து விற்றுவந்த எஸ்கிமோ பை என்ற ஐஸ்கிரீம் 2020இல் பெயர் மாறியது. கனடாவில் எட்மண்டன் எஸ்கிமோஸ் என்ற கனடியக் கால்பந்து அணி அதே ஆண்டு பெயரைக் கைவிட்டு, அடுத்த ஆண்டு எல்க்ஸ் ஆனது. மான்களுக்கு ஆட்சேபணை இல்லை.

பெயரைப் பற்றி மட்டுமல்ல, மொழியைப் பற்றியும் கதை கட்டியிருக்கிறோம். பனிக்கு இனுயிட் மக்களிடம் நூறு சொல், நானூறு சொல் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். மேடைக்கு மேடை எண் ஏறும். மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் 1911இல் சுட்டியது நான்கே நான்கு வேர்ச்சொற்களைத்தான். பிறகு கை மாறி மாறிப் பெருகியது. ஒரு வேரில் ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய் ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கும் மொழியில், பனிக்கு எத்தனை சொல் என்று எண்ணுவதே அர்த்தமில்லாத வேலை. 'இக்லு'வும் அப்படித்தான். அவர்கள் மொழியில் அது வெறும் வீடு, மரவீடும் இக்லுதான். நாம் அதைப் பனிக்கட்டியால் மட்டுமே கட்டிவைத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். மூலத்தில் 'எஸ்கிமோ' என்று வந்தால் முதலில் எந்த ஊர் என்று தேடுகிறேன். பெரும்பாலும் நூலிலேயே இருக்கும். கனடாவின் கிழக்குப் பகுதியென்றால் இனுயிட். கிரீன்லாந்தின் மேற்குக் கரையென்றால் கலாலிட் என்று போட்டு, கிரீன்லாந்து இனுயிட் என்று ஒருமுறை விளக்கிவிடுகிறேன். யூப்பிக் என்றால் யூப்பிக்தான். ஊரே தெரியாவிட்டால் துருவப் பகுதிப் பூர்வகுடியினர் என்று போட்டுவிடுவேன். கொஞ்சம் நீளம்தான், என்ன செய்ய? பழைய எழுத்தாளர் ஒருவரின் வாய்ச்சொல்லாக வந்தாலோ, அமைப்பின் பெயரில் இருந்தாலோ தொடமாட்டேன். டிக்கன்ஸைத் திருத்தி நல்லவராக்குவது என் வேலை இல்லை. அவர் என்ன சொன்னார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

"இப்படியே ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே போனால் எதைத்தான் எழுதுவது?" என்று ஒரு நண்பர் எரிச்சலோடு கேட்டார். அவருடைய பெயரை ஒரு வடஇந்திய வங்கி எழுத்தர் தப்பாக எழுதியதற்காக, அரை நாள் வரிசையில் நின்று திருத்திவிட்டு வந்தவர் அவர். அந்த அரை நாளை அவருக்கு நினைவூட்டினேன். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

அந்தப் பழைய நூல் இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. பதின்மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினோரு இடங்களில் இனுயிட், இனுக் என்று மாற்றியிருக்கிறேன். இரண்டு இடங்களில் பழைய சொல்லையே விட்டுவைத்திருக்கிறேன். ஒன்று ஒரு வணிகரின் பேச்சு, மற்றொன்று கழுத்தில் தொங்கிய அந்தத் தகட்டின் வாசகம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.